அரை மணித்தியாலம் பிந்திய தேசத்தில்

மாலைதீவுக்குக் கற்பிக்கச் செல்வோரின் முதல் நாட்கள்

வெளிநாடு என்றதும் எமது வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது சவூதியும் கட்டாரும் குவைத்தும்தான். ஆனால் படித்த பிள்ளைகள் உள்ள குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். ஏதாவதொரு வீட்டில் ஒரு மகனோ, ஒரு மருமகனோ, அண்மைக்காலமாக ஒரு மகளோ மாலைதீவில் ஆசிரியராக இருந்திருப்பார். “அது பக்கத்து நாடுதானே, முஸ்லிம் நாடுதானே, அங்கு என்ன கஷ்டம்?” என்று சொல்லித்தான் நாம் அவர்களை அனுப்பி வைக்கிறோம். பக்கத்து நாடு என்பது உண்மை. கட்டுநாயக்கவிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலப் பயணம். முஸ்லிம் நாடு என்பதும் உண்மை. எனினும் அங்கு சென்றவர்கள் அனைவரும் ஒன்றை ஒப்புக்கொள்வார்கள். முதல் பத்து நாட்கள் எவருக்கும் இலகுவாகக் கழிவதில்லை. அந்நாட்களில் இங்கே வீட்டிலிருக்கும் பெண்ணுக்கும் அவை இலகுவானவையல்ல.

2011 ஜனவரியில் அங்குள்ள ஒரு சிறு தீவின் பாடசாலைக்கு அறபு மொழியும் குர்ஆன் ஓதலும் கற்பிக்கச் சென்றவன் நான். இரண்டு வருடங்கள் இருந்தேன். அதன் பின்னர் பயணத்துக்கு ஆயத்தமாகும் பல இளம் ஆசிரியர்களும், அவர்களை விட அதிகமாக அவர்களுடைய மனைவிமாரும் உம்மாமாரும் என்னிடம் வந்து விசாரித்திருக்கிறார்கள். அவர்களிடம் தனித்தனியாகச் சொன்னவற்றை இங்கே ஒன்றாகத் தருகிறேன்.

புறப்படுமுன் வீட்டில்

ஒப்பந்தக் கடிதம் கைக்கு வந்ததும் அநேக வீடுகளில் நடப்பது பிரயாணப் பையை அடுக்குவதுதான். அதற்கு முன் செய்யவேண்டியது அந்தக் கடிதத்தைக் கணவனும் மனைவியும் சேர்ந்திருந்து வாசிப்பது. சம்பளம் எந்த நாணயத்தில்? தங்குமிடம் தருவார்களா, அல்லது அதற்கென ஒரு தொகை தருவார்களா? விமானச் சீட்டு யாருடைய செலவு? விடுமுறை எப்போது? எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தத் தீவு? கடிதத்தில் “மாலைதீவு” என்று மட்டும் இருந்தால் போதாது. அந்நாட்டில் ஏறக்குறைய 1,200 தீவுகள் உள்ளன. மக்கள் வாழ்வது அவற்றில் 200 அளவிலானவற்றில்தான். தலைநகர் மாலேயில் வேலை செய்வதும், அங்கிருந்து ஓர் இரவு முழுக்கப் படகில் போகவேண்டிய தீவொன்றில் வேலை செய்வதும் இரண்டு வேறு வாழ்க்கைகள்.

நாணய விடயத்தை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் போனபோது ஓர் அமெரிக்க டொலருக்கு ஏறக்குறைய 12 ரூபியா 80 லாரி. (அவர்களுடைய நாணயத்தின் பெயர் ரூபியா. நூறு லாரி சேர்ந்தது ஒரு ரூபியா.) அதே 2011ஆம் வருடம் ஏப்ரலில் அந்நாட்டு அரசாங்கம் நாணயத்தின் பெறுமதியைத் தளர்த்தியது. சொற்ப காலத்தில் டொலர் 15 ரூபியா 42 லாரி வரை ஏறியது. ரூபியாவில் சம்பளம் பேசி வந்தவர்களுக்குச் சம்பளத் தாளில் ஒரு சதமும் குறையவில்லை. ஆனால் ஊருக்கு அனுப்பும் பணத்தில் ஆறிலொரு பங்கு கரைந்து போயிற்று. அந்த மாதம் எத்தனையோ வீடுகளில் “ஏன் குறைவாக அனுப்பினீர்கள்?” என்ற கேள்வி எழுந்திருக்கும். ஒப்பந்தத்தை மனைவியும் வாசித்திருந்த வீட்டில் அந்தக் கேள்வி எழவேயில்லை.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டுப் போவதும், வேலைக்கு அனுப்பும் முகவர் அங்கு அனுமதி பெற்றவர்தானா என்று பார்ப்பதும் கட்டாயம். கடவுச்சீட்டு, சான்றிதழ்கள், ஒப்பந்தம் ஆகிய அனைத்தினதும் பிரதிகள் ஒரு கோவையில் வீட்டிலும் இருக்கவேண்டும். ஒரு நாள் மாலேயிலிருந்து தொலைபேசியில் “அந்தக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் என்ன இருக்கிறது, பாருங்கள்” என்று கேட்க நேரலாம்.

கடிகாரத்தைத் திருப்புதல்

விமானம் இறங்குமுன் அறிவிப்பார்கள்: மாலைதீவின் நேரம் இலங்கை நேரத்திலும் பார்க்க அரை மணித்தியாலம் பின். கடிகார முள்ளை அரைச் சுற்றுத் திருப்பினால் போதும். சிறிய விடயம்தான். ஆனால் அங்கு போன ஒவ்வோர் ஆசிரியரும் முதல் நாட்களில் இரண்டு நேரங்களில் வாழ்கிறார். “இப்போது வீட்டில் பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்படுவார்கள்”, “இப்போது உம்மா ளுஹர் தொழுதிருப்பார்” என்று மனம் எந்நேரமும் அரை மணித்தியாலத்தைக் கூட்டிக்கொண்டே இருக்கும். சிலர் கடிகாரத்தைத் திருப்பாமலேயே விட்டுவிடுவார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, கையிலுள்ளதைத் திருப்பிவிடுங்கள், ஊர் நேரம் மனதில் இருக்கட்டும் என்பதுதான். முதல் வாரத்தில் வகுப்புக்குப் பிந்திப் போகும் ஆசிரியரைப் பிள்ளைகள் வருடம் முழுதும் மறக்கமாட்டார்கள்.

விமானநிலையம் இருப்பது ஹுல்ஹுலே என்ற தனித் தீவில். அந்நாளில் அங்கிருந்து மாலேக்குத் தோணியில்தான் கடக்கவேண்டும். பத்து நிமிடப் பயணம். 2018இல் பாலம் திறக்கப்பட்டபின் வாகனத்திலேயே போய்விடலாம். மாலேயில் இறங்கியதும் எமது கொழும்புப் புறக்கோட்டையைக் கொண்டுபோய்க் கடலுக்கு நடுவே வைத்தாற் போலிருக்கும். உயர்ந்த கட்டடங்கள், ஒடுங்கிய வீதிகள், ஓயாத மோட்டார் சைக்கிள்கள். அங்கே மருத்துவப் பரிசோதனை, வேலை அனுமதி, விசா அலுவல்கள் முடியச் சில நாட்கள் செல்லும். அந்த நாட்களில் கையில் செலவுக்குப் பணம் வேண்டும். வேலை கிடைத்துவிட்டது, இனிச் செலவில்லை என்று எண்ணி வெறுங்கையோடு போனவர்கள் பட்ட அவதியை நான் கண்டிருக்கிறேன். இலங்கை வங்கியின் கிளையொன்று 1981 முதல் மாலேயில் இயங்குகிறது. கணக்கொன்றை அங்கே திறந்துகொள்வது ஊருக்குப் பணம் அனுப்ப உதவும்.

பின்னர் தீவை நோக்கிய பயணம். மாலேயிலிருந்து அரிசி, மா, சீனி, வெங்காயம், சிமெந்து எல்லாம் ஏற்றிய படகொன்றில், அந்த மூட்டைகளுக்கிடையே என்னையும் ஏற்றிவிட்டார்கள். மாலையில் புறப்பட்டு மறுநாள் ஸுபஹுக்குப் பின் தீவு தெரிந்தது. கடலுக்கு மேலே உயரமாக எதுவுமில்லை. தென்னங்கீற்றுகள் நீரிலிருந்து நேரே முளைத்தாற்போல் இருந்தன. அந்த நாட்டின் நிலம் பெரும்பாலும் கடல் மட்டத்திலிருந்து இரண்டரை மீற்றருக்கு மேல் இல்லை. மலைநாட்டிலோ குருநாகலிலோ பிறந்து வளர்ந்தவருக்கு முதல் இரவு அலையோசையில் நித்திரை வராது. அரை மணித்தியாலத்தில் நடந்து சுற்றிவிடக்கூடிய தீவு. எந்தப் பக்கம் நடந்தாலும் பாதை கடலில் போய் முடியும். அந்த உணர்வுக்குப் பழக எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

மொழி வேறு, வேர் ஒன்று

“பாஷை தெரியாதே” என்பதுதான் போகிறவர்களின் பெரிய பயம். மாலைதீவின் மொழி திவெஹி. அதை முதல் முறை கேட்கும்போது ஒன்றும் விளங்காது. ஆனால் இலங்கையில் பிறந்த எமக்கு அதில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. திவெஹியும் சிங்களமும் நெருங்கிய உறவுள்ள மொழிகள். ஒன்று முதல் எண்ணிப் பாருங்கள்: எகெஹ், தேஹ், தினெஹ், ஹதரெஹ், ஃபஹெஹ். சந்தையில் சிங்களம் பேசிப் பழகியவருக்கு இது புதிய பாடமாகத் தோன்றாது. உப்புக்கு லோணு, மிளகாய்க்கு மிருஸ், சர்க்கரைக்கு ஹகுரு. மீனுக்கு மஸ் என்பார்கள். சிங்களத்தில் மஸ் என்றால் இறைச்சி. கடையில் போய் மஸ் கேட்டால் உங்கள் கைக்கு வருவது மீன்தான்.

அந்த மீனை எமது பெண்கள் அனைவரும் அறிவர். நாம் மாசி என்று சொல்லி இடித்துச் சம்பலில் போடுவது மாலைதீவிலிருந்து நூற்றாண்டுகளாகப் பாய்க்கப்பலில் காலிக்கும் கொழும்புக்கும் வந்த பொருள். அவர்கள் மாசி கொண்டுவந்து அரிசியும் துணியும் கொண்டுபோனார்கள். உறவு அடுக்களையோடு நின்றுவிடவில்லை. 1965 ஜூலை 26இல் மாலைதீவு பிரித்தானியாவிடமிருந்து சுதந்திரம் பெற்ற உடன்படிக்கை கையெழுத்தானது கொழும்பில்தான். அந்நாட்டில் ஆங்கில மொழிமூலக் கல்வி 1960களில் பரவத் தொடங்கியபோது கற்பிக்கப் போனவர்களுள் இலங்கையர் முக்கியமானவர்கள். ஆகவே அங்கு போகும் எமது பிள்ளை முன்பே பலர் நடந்த பாதையில்தான் போகிறது.

எழுத்தின் கதை இன்னும் சுவையானது. திவெஹியின் எழுத்துக்குத் தானா என்று பெயர். வலமிருந்து இடமாக எழுதுவார்கள். முதல் நாள் வகுப்பில் கரும்பலகையில் ஒன்று முதல் ஒன்பது வரை அறபு இலக்கங்களை எழுதினேன். பின்வரிசையில் ஒரு சிறுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஏன் என்று கேட்டேன். “ஸேர், அது எங்கட எழுத்து” என்ற கருத்தில் ஏதோ சொல்லி, தன் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். உண்மைதான். தானாவின் முதல் ஒன்பது எழுத்துகள் அறபு இலக்கங்களிலிருந்து பிறந்தவை. உயிரொலிகளை எழுத்துக்கு மேலும் கீழும் குறியிட்டுக் காட்டுவார்கள், நாம் அறபில் ஸபர், ஸேர், பேஷ் இடுவது போலவே. 1976இல் ஆங்கில எழுத்துகளால் திவெஹியை எழுதும் முறை கொண்டுவரப்பட்டது. இரண்டு வருடத்துக்குள் மக்கள் மீண்டும் தானாவுக்கே திரும்பினார்கள். எமது பாட்டிமார் தமிழை அறபு எழுத்தில் எழுதிய அறபுத் தமிழை எண்ணிக்கொண்டேன். தன் மொழியையும் தன் வேதத்தையும் ஒரே கையெழுத்துப் பழக்கத்துக்குள் வைத்துக்கொள்ள விரும்பிய மக்கள் அவர்களும்.

அன்று முதல் என் பாடம் மாறியது. நான் அவர்களுக்கு அறபு எழுத்தைக் காட்ட, அவர்கள் எனக்குத் தானாவைக் காட்டினார்கள். ஒரு பிள்ளைக்குத் தன் ஆசிரியருக்குக் கற்பிக்கக் கிடைத்தால் அந்தப் பிள்ளை உங்களுக்கு எதிராக ஒருபோதும் நிற்காது. புதிய நாட்டுக்குப் போகும் ஆசிரியருக்கு நான் தரும் முதல் ஆலோசனை இதுதான்: முதல் வாரத்தில் நீங்கள் கற்பிப்பதைவிடக் கற்றுக்கொள்வது அதிகமாக இருக்கட்டும்.

வகுப்பறையில் வேறொன்றையும் கவனித்தேன். எமது பாடசாலைகளில் பிள்ளைகள் ஆசிரியர் முன் கைகட்டி நிற்பார்கள். அங்கே பிள்ளைகள் மனதில் பட்டதைக் கேட்பார்கள், அருகே வந்து மேசையில் சாய்ந்துகொண்டு பேசுவார்கள். இதை மரியாதைக் குறைவு என்று எண்ணிக் கோபித்தவர்கள் முதல் வாரத்திலேயே வகுப்பை இழந்தார்கள். உம்மாமார் பாடசாலைக்கு வந்து ஆசிரியரிடம் நேரே கதைப்பதும் அங்கு சாதாரணம்.

முன்னொரு காலத்து விருந்தாளி

இலங்கைக்கும் மாலைதீவுக்கும் இடையே பயணம் செய்தோருள் உலகம் அறிந்தவர் இப்னு பதூதா. மொரோக்கோவில் பிறந்த அவர் 1343இல் மாலைதீவை அடைந்தார். அறபும் சட்டமும் அறிந்த வெளியூர்க்காரர் என்பதால் அவரைக் காழியாராக்கினார்கள். அப்போது அங்கு ஆட்சியிலிருந்தவர் கதீஜா என்ற பெண்மணி என்பதை அவர் வியப்போடு பதிந்திருக்கிறார். அங்கே மணமுடித்தார், செல்வாக்குப் பெற்றார். ஆனால் வந்தவுடனேயே அவ்வூர் வழக்கங்களைத் தன் ஊர் வழக்கத்துக்கு மாற்ற முனைந்தார். பெண்களின் உடை விடயத்தில் தான் எடுத்த முயற்சி கைகூடவில்லை என்று அவரே எழுதுகிறார். ஊர்ப் பெரியவர்களோடு மனக்கசப்பு வளர்ந்து, 1344இல் அங்கிருந்து புறப்பட்டு எமது புத்தளக் கரையில் இறங்கினார். பாவா ஆதம் மலைக்கு ஏறியதும் அந்தப் பயணத்தில்தான்.

அறிவில் அவர் எங்கே, நாம் எங்கே. ஆயினும் மௌலவிமாராகிய எமக்கு அவருடைய கதையில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. மாலைதீவு மக்கள் 1153ஆம் ஆண்டு முதல் இஸ்லாத்தில் இருப்பவர்கள். அவர்களுக்கு மார்க்கத்தை நாம் போய் அறிமுகப்படுத்தவேண்டியதில்லை. மாலேயிலுள்ள ஹுகுரு மிஸ்கி என்ற ஜும்ஆப் பள்ளிவாசல் 1658இல் பவளக் கற்களைச் செதுக்கிக் கட்டப்பட்டது. அதைப் பார்த்தவருக்கு அம்மக்களின் ஈடுபாடு விளங்கும். ஜும்ஆ குத்பாவும் அரசாங்கத்தின் மார்க்க விவகாரப் பகுதி எழுதிக் கொடுப்பதையே கதீப் திவெஹியில் வாசிப்பார். அனுமதியின்றி எவரும் பிரசங்கம் செய்ய முடியாது. ஊரில் வாரந்தோறும் பயான் செய்து பழகிய மௌலவி அங்கே பின் ஸப்பில் அமர்ந்து விளங்காத மொழியில் குத்பா கேட்கவேண்டும். முதல் வெள்ளிக்கிழமை எனக்கு அது பாரமாகத்தான் இருந்தது. ஆனால் ஓதப்பட்ட ஆயத்துகள் விளங்கின. தொழுது முடிந்ததும் பக்கத்திலிருந்த முதியவர் கையைப் பிடித்து ஸலாம் சொன்னார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

தீவின் பெண்கள்

எமது சகோதரிகள் அறிய விரும்புவது பெரும்பாலும் இதைத்தான். அந்தத் தீவில் விடிந்ததும் நான் கண்ட முதற் காட்சி பெண்கள் வீதியைக் கூட்டுவதுதான். அவரவர் வாசலுக்கு முன்னாலுள்ள வெண்மணலை ஈர்க்கில் விளக்குமாற்றால் ஒரு சருகும் இல்லாமல் கூட்டிவிடுவார்கள். ஆண்கள் கடலில் இருப்பதால் வீட்டு வரவு செலவும், பிள்ளைகளின் படிப்பும், வீடு கட்டும் அலுவலும் கூடப் பெண்கள் கையில். கணவன் தொழிலுக்காக மாதக்கணக்கில் வேறு தீவில் இருப்பது அங்கே புதிதல்ல. கணவன் வெளிநாடு போனதும் வீட்டுக்குள் ஒடுங்கிவிடும் எமது பெண்கள் அவர்களிடம் படிக்க நிறைய இருக்கிறது.

பழைய காலத்தில் பிள்ளைகள் குர்ஆனும் எழுத்தும் கணக்கும் படித்தது ஊரிலுள்ள ஒருவருடைய வீட்டில். கற்பித்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். பல தீவுகளில் பெண்களுக்கென்று தனிப் பள்ளிவாசல்களும் முன்பு இருந்தன. படிப்பறிவில் அந்நாடு உயர்ந்து நிற்பதற்கு இந்த வீட்டுத் திண்ணைகளும் ஒரு காரணம்.

சாப்பாட்டு விடயம்: காலையில் மஸ் ஹுனி. மீனையும் தேங்காய்ப்பூவையும் வெங்காயம், மிளகாய், தேசிக்காய்ப் புளியோடு பிசைந்து ரொட்டியோடு தருவார்கள். எமது தேங்காய்ச் சம்பலுக்கு அண்ணன் முறை என்று சொல்லலாம். மதியம் சோறும் கருதிய என்ற தெளிந்த மீன் சூப்பும். மீனைப் பலமணி நேரம் காய்ச்சி வற்றவைத்த ரிஹாகுரு என்ற கறுப்புக் களியை முதலில் முகர்ந்தால் பிடிக்காது. மூன்றாம் வாரம் அது இல்லாமல் சோறு இறங்காது. தட்டுப்பாடானது மரக்கறிதான். படகு வந்தால் உண்டு, கடல் கொந்தளித்தால் இல்லை. ஊரிலிருந்து போகிறவர் பெட்டியில் உடுப்பைக் குறைத்து வறுத்த கறித்தூளும், பருப்பும், சீயாமல் கொண்டுபோகக்கூடிய ஊறுகாயும் வைத்துக்கொள்ளட்டும். குடிப்பதற்கு மழைநீர். வீட்டுக்கு வீடு பெரிய தாங்கிகள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமிக்குப் பின் பல தீவுகளின் கிணறுகளில் உப்பேறிவிட்டது.

நான் போய் மூன்றாம் நாள் கிழக்கு மாகாணத்திலிருந்து ஓர் இளம் விஞ்ஞான ஆசிரியை வந்து இறங்கினார். அத்தீவில் ஏற்கனவே மூன்று இலங்கை ஆசிரியைகள் இருப்பதாகவும், அவர்களோடு தங்கலாம் என்றும் அனுப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வந்து பார்த்தால் ஒருவரும் இல்லை. முந்திய வருடமே போய்விட்டார்கள். அவருக்கு ஒரு மூதாட்டியின் வீட்டில் அறையொன்று கொடுக்கப்பட்டது. மறுநாள் அதிபரின் காரியாலயத்தில் அழுதுகொண்டு நின்றார். என்னைக் கண்டதும், “மௌலவி, நான் திரும்பிப் போறேன். உம்மாக்கிட்ட எப்படிச் சொல்றதெண்டுதான் தெரியல்ல” என்றார். நகையை அடகு வைத்து வந்தவர். திரும்பினால் கடன், இருந்தால் தனிமை.

“ஒரு வாரம் பாருங்க தங்கச்சி. ஒரு வாரத்துக்குப் பிறகும் இதே எண்ணமெண்டா நானே அதிபரோட கதைக்கிறேன்” என்றேன். அந்த ஒரு வாரத்தில் அவரை நிலைநிறுத்தியது நானல்ல, அந்த மூதாட்டி. வார்த்தை ஒன்றும் விளங்காத நிலையில் அவர் அந்தப் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், கயிறு பின்னிய ஜோலி ஆசனத்தில் தன் பக்கத்தில் இருத்தி, வருவோர் போவோருக்கெல்லாம் காட்டியிருக்கிறார். இரவில் தன் பேத்தியை அவருடைய அறையில் படுக்க விட்டிருக்கிறார். ஏழாம் நாள் அந்த ஆசிரியை காலையில் ஈர்க்கில் விளக்குமாற்றோடு வீதியில் நிற்பதைக் கண்டேன். அதிபரோடு கதைக்கவேண்டிய தேவை வரவில்லை.

ஆனால் இதைக் கேட்டுப் பெற்றோர் ஏமாந்துவிடக்கூடாது. எல்லாத் தீவிலும் இப்படியொரு மூதாட்டி காத்திருப்பார் என்று சொல்ல முடியாது. மகளை அனுப்புமுன், அவள் தங்கப்போகும் வீடு எது, அங்கு யார் இருக்கிறார்கள், ஏற்கனவே அத்தீவில் இருக்கும் ஆசிரியை ஒருவரோடு தொலைபேசியில் கதைக்க முடியுமா என்பதைக் கேட்டறியாமல் சம்மதம் கொடுக்காதீர்கள். முகவரின் வாய்ச்சொல் போதாது.

சொல்வதா, மறைப்பதா?

நான் போய் ஒன்பதாம் நாள் வீட்டுக்கு எடுத்தபோது என் மனைவியின் குரலில் ஒரு களைப்பு இருந்தது. கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். இரண்டு நாள் கழித்து உம்மா தன்னையறியாமல் சொல்லிவிட்டார்: “மகன், பிள்ளைக்கு இப்ப சுகம். ஆசுபத்திரியால கொண்டுவந்தாச்சி.” எங்கள் மூத்த பிள்ளைக்கு டெங்கு. நான்கு நாள் வார்ட்டில் இருந்திருக்கிறான். இரத்தத் தட்டுக்கள் குறைந்த இரவில் என் மனைவி தனியாகக் கட்டிலருகே இருந்திருக்கிறார்.

மனைவியிடம் கேட்டேன். அவர் சொன்ன பதில்: “நீங்க கடலுக்கு நடுவுல. படகு எப்ப வரும் எண்டும் தெரியாது. சொன்னா பதறுவீங்க. பதறி என்ன செய்யப் போறீங்க? இங்க நான் பிள்ளையப் பார்ப்பேனா, உங்களப் பார்ப்பேனா?”

அதற்கு என்னிடம் உடனே மறுமொழி இருக்கவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் எனக்கும் ஒரு நியாயம் இருந்தது. தகப்பனுக்குத் தன் பிள்ளைக்காகத் துஆக் கேட்கும் உரிமை கடலைக் கடந்ததால் போய்விடுவதில்லை. அதைவிட முக்கியமானது இன்னொன்று. ஒரு தடவை மறைக்கப்பட்டது தெரிந்துவிட்டால், அதன் பின் “எல்லாரும் சுகம்” என்று எத்தனை தடவை சொன்னாலும் நெஞ்சு நம்பாது. ஒவ்வொரு சுகச் செய்திக்குப் பின்னாலும் ஓர் ஆசுபத்திரியைத் தேடும்.

அன்று நாங்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். எதையும் மறைப்பதில்லை. ஆனால் சொல்லும்போது என்ன நடந்தது என்பதோடு, என்ன செய்தாயிற்று, யார் துணைக்கு இருக்கிறார், அடுத்து எப்போது எடுப்பேன் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்வது. “பிள்ளைக்குக் காய்ச்சல்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டால் மறுமுனையில் இருப்பவருக்கு இரவு விடியாது. “காய்ச்சல், டொக்டரிடம் காட்டினேன், நானா கூட இருக்கிறார், இஷாவுக்குப் பிறகு எடுக்கிறேன்” என்றால் அவர் தொழுதுவிட்டுக் காத்திருப்பார். அதே விதி எனக்கும். படகு பிந்தியது, சம்பளம் பிந்தியது, காய்ச்சல் வந்தது எல்லாம் நானும் சொல்லவேண்டும். இரண்டு வருடம் அந்த விதியில்தான் ஓடியது.

வீட்டிலிருக்கும் சகோதரிக்கு

முதல் சம்பளம் முதல் மாத முடிவில் வரும் என்று எண்ணவேண்டாம். வேலை அனுமதி, வங்கிக் கணக்கு எல்லாம் ஒழுங்காகும்வரை இரண்டு மாதமும் ஆகலாம். ஆகவே கணவர் புறப்படும்போது மூன்று மாத வீட்டுச் செலவு உங்கள் கையில் இருக்கவேண்டும். மனைவி மக்களின் செலவு கணவனுடைய கடமை. அவன் கடல் கடந்ததால் அது வாப்பாவின் தலையிலோ நானாவின் தலையிலோ விழுவது முறையல்ல. பயணத்துக்காக உங்கள் நகையைக் கொடுத்திருந்தால், அது உங்கள் உடைமை, அவருக்குக் கடன். எவ்வளவு, எந்தக் கடையில், எந்தத் திகதியில் மீட்கவேண்டும் என்பதைக் கொப்பியில் எழுதி இருவரும் ஒப்பமிட்டுக்கொள்ளுங்கள். அல்குர்ஆன் கடனை எழுதிக்கொள்ளச் சொல்கிறது. கணவன் மனைவி என்பதற்காக அதை விட்டுவிடத் தேவையில்லை. முதற் சம்பளங்களில் முதலில் மீட்கப்படவேண்டியதும் அந்த நகைதான்.

மாலைதீவில் வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். எனவே ஞாயிறு பகலில் எடுத்து, பதில் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். வெள்ளி அஸருக்குப் பிறகு ஆறுதலாகப் பேசும் நேரம் என்று ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கட்டும். வீட்டுப் பிரச்சினைகளை அவர்கள் முன்னால் பேசாமல், அவர்கள் படுத்தபின் வேறாகப் பேசுங்கள்.

போகிறவருக்கும் ஒரு வார்த்தை. முதல் பத்து நாளில் திரும்பிப் போகலாம் என்ற எண்ணம் வராத எவரையும் நான் கண்டதில்லை. அந்த எண்ணத்தை வைத்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள். ஸலாம் சொல்லுங்கள், பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள், நன்றிக்கு ஷுகுரிய்யா என்று சொல்லப் பழகுங்கள். வகுப்புப் பிள்ளைகள் அனைவரினதும் பெயர் உங்கள் வாயில் சரியாக வரும் நாளில் நீங்கள் அந்தத் தீவின் ஆசிரியராகிவிட்டீர்கள். ஒரு மாதம் கழிந்தும் சம்பளம், தங்குமிடம், பாதுகாப்பு ஆகியவற்றில் ஒப்பந்தத்துக்கு மாறாக நடந்தால், அது வேறு விடயம். அப்போது பொறுமை என்ற பெயரில் வாய்மூடி இருக்கவேண்டாம். மாலேயில் எமது உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறது. எழுத்தில் முறையிடுங்கள், பிரதியொன்றை வீட்டுக் கோவைக்கும் அனுப்புங்கள்.

இந்த மாதமும் எங்கோ ஒரு வீட்டில் பிரயாணப் பை அடுக்கப்பட்டுக்கொண்டிருக்கும். அந்த வீட்டுச் சகோதரி கறித்தூளை மூட்டை கட்டுமுன் ஒப்பந்தக் கடிதத்தைக் கையில் எடுத்து ஒரு தடவை வாசிக்கட்டும். விளங்காத இடத்தில் கோடிட்டுக் கேட்கட்டும். அல்லாஹ் அந்தப் பயணத்தை இரு கரையிலும் இருப்போருக்கு இலகுவாக்கி வைப்பானாக.